ஊர்காணலும் வழக்குரைத்தலும்: கற்பனை நகரிற் கதை பிறக்குமிடம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்வோர் பலருக்கு மதுரை கண்ணாற் கண்ட நகரன்று. ஆயினும் அந்நகரின் அரண்மனை வாயிலில் யார் நிற்பார், பொற்கொல்லன் யாரிடம் ஓடுவான், இடைச்சேரியிலிருந்து கடைவீதிக்குச் செல்லும் வழியில் என்ன தீக்குறி தோன்றும் என்பனவெல்லாம் அவர்கள் அறிவர். வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்பட்டு, குளிர்த்தி ஈறாகச் சடங்குகள் நிகழும் நாட்களிற் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது. பாடக் கேட்டவர்கள் அந்நகருட் புகுந்து மீள்கின்றனர். காணாத நகரொன்றிற் புகுவதும், அங்கு ஒரு பக்கத்தைச் சார்ந்து நிற்பதும், அந்நிலைப்பாட்டினால் வரும் இடுக்கண்களைத் தம்முடையனவாக உணர்வதும் இந்நிலத்து மக்களுக்குப் பழகிய செயல்களாம். இவ்வறிவினைக் கொண்டு, இக்காலத்து விளையாட்டொன்றில் எழுந்துள்ள வினாவொன்றினை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விளையாட்டினை முதலில் விளக்குதல் வேண்டும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் கதைநடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். நடத்துநர் இடத்தையும் சூழலையும் சொல்லால் விரிக்கிறார். பாத்திரமேற்றோர் தாம் செய்ய நினைப்பதைச் சொல்கின்றனர். செய்கை கைகூடுமா என்பது ஐயத்திற்குரியதாயிருப்பின் பகடை உருட்டப்படுகின்றது. உடையில்லை, அரங்கில்லை, எழுதி முடித்த நாடகமும் இல்லை. அமெரிக்க நாட்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகையில் அச்சேறி விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. இன்று இது பல நாடுகளிலும் பரவியுள்ளது. தமிழிளைஞர் சிலரும் ஆடுகின்றனர்.

அதன் பெயரே உணர்த்துவது போல, தொடக்கத்தில் இவ்விளையாட்டின் களம் நிலவறையாகும். நிலவறையில் வழி ஒன்றோ இரண்டோ தான். கதவைத் திறந்தால் ஒரு பூதம். பூதத்திற்கு அப்பால் ஒரு புதையல். என்ன செய்வது என்று எவரும் தடுமாற வேண்டியதில்லை. நகரம் அத்தகையதன்று. நூறு வீதிகள், ஆயிரம் கதவுகள், எத்திசையிலும் செல்லலாம். ஆகவே எத்திசையிற் செல்வது என்பதே தெரியாமற் போகின்றது. பாத்திரமேற்றோர் சத்திரத்தில் உண்டு, கடையில் வாள் வாங்கி, வீதியை வேடிக்கை பார்த்துவிட்டுப் பொழுது போக்குவர். நடத்துநரோ தாம் வரைந்த அழகிய நகர்ப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கதை எப்பொழுது தொடங்கும் என்று காத்திருப்பார்.

இக்குறை விரைவில் உணரப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஜட்ஜஸ் கில்ட் என்னும் நிறுவனம் கற்பனை நகரொன்றின் பெரிய படத்தை வெளியிட்டு, அதன் கடைகளுக்கும் அவற்றில் வாழ்வோருக்கும் நிரையாகக் குறிப்பெழுதியது. பிரிட்ஸ் லைபர் என்னும் எழுத்தாளர் 1939 முதல் எழுதிவந்த கதைகளில் வரும் லாங்க்மார் என்னும் நகரத்தை வைத்து 1985இல் வெளிவந்த நூல், தலைப்பிலேயே அதனைச் ‘சாகச நகர்’ என்று கூறிக்கொண்டது. இம்முயற்சிகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கடைகளின் பட்டியல் எத்துணை நீண்டாலும் அது ஊர்காணலுக்கே உதவும். நகரிற் கதை எங்கே பிறக்கின்றது என்ற வினா அதனால் விடைபெறுவதில்லை.

‘ஊர்காணல்’ என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே இங்கு எடுத்தாண்டோம். சிலப்பதிகாரத்தில் ‘ஊர்காண் காதை’ என ஒரு பகுதி உண்டு. வையையைப் புணையிற் கடந்து, மதிற்புறத்துச் சோலையில் கவுந்தியடிகளுடனும் கண்ணகியுடனும் தங்கிய கோவலன், நகரைப் பார்த்துவரச் செல்கிறான். வாயிலைக் காக்கும் வாட்படை யவனர் ஐயுறாவண்ணம் உட்புகுகின்றான். பரத்தையர் வீதிகளைக் காண்கின்றான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி எனச் சுற்றி வருகின்றான். தமிழிலக்கியத்தில் நகரொன்றின் கடைவீதி இத்துணை நிறைவாக விரிக்கப்பட்ட இடங்கள் சிலவே. ஆனால் அக்காதையில் அவனுக்கு நேர்ந்தது என்ன? யாதுமில்லை. கண்டான், மகிழ்ந்தான், வெயில் நுழையாத கொடிநிழலிலே நடந்தான், புறஞ்சேரிக்கு மீண்டான். ஒருவரும் அவனை வழிமறித்து ஒரு சொற் கேட்டிலர்.

இனிக் கொலைக்களக் காதையை நோக்குவாம். நகர் அதுவே, வீதிகளும் அவையே, நடப்பவனும் அவனே. இம்முறை அவன் கையில் ஒரு காற்சிலம்பு உளது. அவ்வொரு பொருளினால் நகர் முழுவதும் வேறு நகராகிவிடுகின்றது. எதிரே வந்த பொற்கொல்லனிடம் விலை பேசவேண்டியுள்ளது. அப்பொற்கொல்லனோ அரசியின் சிலம்பைக் கவர்ந்து அகப்படாதிருக்க வழி தேடுபவன். அரசியோ ஊடியிருக்கின்றாள், அவ்வூடல் தணிக்க விரைகின்ற அரசன் ஆராயாது ஆணையிடுகின்றான். முதல்நாள் வெறும் காட்சியாக இருந்த வாயிலும் கோயிலும் காவலும் இப்பொழுது ஒன்றையொன்று பற்றி இழுக்கும் கயிறுகளாகின்றன.

ஆகவே இரண்டு காதைகளுக்கும் இடையே மாறியவை எவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோவலனுக்கு இப்பொழுது ஒரு தேவை உண்டு. முதலில்லாது வாணிகம் தொடங்கவியலாது. அவன் கையிலுள்ள பொருள் அவனுடையதே என்று மெய்ப்பிக்க அந்நகரிற் சான்றுரைப்பார் இல்லை; உறவினர் எவரும் இல்லை. நகருக்கும் தனக்கெனவொரு மறைபொருள் உண்டு. அது அவன் வருவதற்கு முன்னரே அங்கு நிகழ்ந்த களவு. இவை ஒன்றோடொன்று மோதுமிடம் கதை பிறக்குமிடமாம். வீதியின் அழகும் மதிலின் உயரமும் அதற்குத் துணை, காரணமல்ல.

விளையாட்டினை ஆராய்பவர் சிறப்பாகக் கருதத்தக்க ஒரு கணம் இக்காதையில் உண்டு. சிலம்பைப் பார்க்க வந்த காவலர், கோவலனின் தோற்றத்தை நோக்கி இவன் கள்வனல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களை நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் துணையாகக் கொண்டு கள்வர் தொழில் செய்வர் என விரிவுரை நிகழ்த்துகின்றான். 1975ஆம் ஆண்டு மேற்கூறிய அமெரிக்க விளையாட்டிற்கு இணைப்பாக வந்த நூலொன்று கள்வனைத் தனிப் பாத்திரவகையாகச் சேர்த்து அவனுடைய திறங்களை அட்டவணைப்படுத்தியது; நம் பொற்கொல்லனின் அட்டவணை அதனினும் நிறைவானதென்பது எம் கருத்து. அது நிற்க. காவலர் தயங்கிய அக்கணத்திற் கதை இருபாற்படக் கூடியதாய் நின்றது. கல்லாக் களிமகன் ஒருவனின் வாள் அதனை ஒருபாற் படுத்தியது. மேசை விளையாட்டிலே பகடை உருட்டப்படவேண்டிய இடம் இதுவே. வாளும் வாளும் மோதுமிடத்தில் மட்டுமே பகடை உருட்டுவோர் நகரை நிலவறையாக்கி விடுகின்றனர்.

மட்டக்களப்பின் கண்ணகி வழக்குரை இக்கதையை இன்னுமொரு படி அணுக்கமாக்குகின்றது. வி. சீ. கந்தையா 1968இற் பதிப்பித்த அந்நூலிலே கடலோட்டு காதை என்னும் பகுதி உண்டு. கண்ணகியின் சிலம்புக்கு வேண்டிய நாகமணியைக் கொணர மீகாமன் கலமேறி ஈழத்துக் கரைக்கு வருவதும், வெடியரசன் முதலானோருடன் பொருது அதனைப் பெறுவதும் அங்குக் கூறப்படுகின்றன. இளங்கோவின் நூலில் இல்லாத செய்தி இது. இதனாற் சிலம்பின் உட்பரல் கேட்போரின் நிலத்தோடு உறவுடையதாகின்றது. தொலைவிலுள்ள பெருநகரில் வழக்கு நடக்கின்றது. வழக்குப் பொருளோ ஈழக் கடலிலிருந்து சென்றது. கேட்பவர் இனி அயலாரல்லர். கற்பனை நகரொன்றை அமைப்பவர் அந்நகரின் ஒரு பொருளையேனும் பாத்திரமேற்றோரின் ஊரோடு இணைத்துவிட வேண்டும் என்ற பாடத்தை, நூல்கள் எழுதப்படுவதற்கு முன்னரே பாடுவோர் அறிந்திருந்தனர்.

இனி, படமின்றி நகரை எழுப்புதல் எங்ஙனம் என்பதற்கு மட்டக்களப்புக் கூத்து சான்றாகும். வட்டமாக மண் உயர்த்திய களரி, நாற்புறமும் பார்ப்போர், திரைச்சீலையோ மாளிகைக் காட்சியோ இல்லை. கட்டியகாரன் வந்து அரசன் வருகையை அறிவிக்கின்றான். அரசன் வரவுத்தாளத்திற்கு ஆடிவந்து கொலுவிருக்கின்றான். அவ்வளவில் அந்த மண்வட்டம் அத்தினாபுரியாகிவிடுகின்றது. சிறிது பொழுதில் அதுவே காடாகவும் போர்க்களமாகவும் மாறும். ஒருவரும் ஐயுறுவதில்லை. நகர் என்பது யார் வரலாம், யார் அறிவிக்கப்பட வேண்டும், யார் முன் யார் நிற்பர் என்னும் ஒழுங்கினாலேயே அங்குக் கட்டப்படுகின்றது. கட்டியகாரனின் ஒரு சொல், வரைந்த மதில் நூற்றினும் வலிது.

கூத்துப் பழகும் முறையிலும் ஒப்புமை உண்டு. அண்ணாவியார் ஊரவர் முன்னிலையில் அவரவர்க்குரிய பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை வழங்குவார். இதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர்ச் சலங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்பன முறையே நிகழும். இவற்றைச் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய தம் ஆய்வில் விரிவாக எடுத்துரைத்துள்ளார். சட்டம் பெற்றவன் வயலில் உழும்போதும் அருச்சுனனின் பாட்டைப் பாடிக்கொண்டிருப்பான். மேசை விளையாட்டிலும் பாத்திரக் குறிப்புத் தாளைப் பெற்றவன் அடுத்த வாரம் வரை அப்பாத்திரத்தோடு வாழ்கின்றான். கதைநடத்துநரை அண்ணாவியாருக்கு ஒப்பிடுவது பொருந்தும் என நாமும் முதலில் எண்ணினோம்.

ஆயின் ஓரிடத்தில் இவ்வொப்புமை முறிகின்றது. கூத்தின் முடிவு முன்னரே எழுதப்பட்டது. கர்ணன் எப்பொழுதும் பதினேழாம் நாளிலே வீழ்வான். பார்ப்போர் அவன் வீழ்வதை அறிந்தே விடியும்வரை காத்திருக்கின்றனர். கூத்தின் பெருமையும் அதுவே. விளையாட்டிற்கு அத்தகைய உறுதி ஆகாது. தென்மோடியிலும் பிற நாடகங்களிலும் நகர்ச்சாகசத்துக்கு மிக அணுகிய கதைகள் உண்டு. நொண்டி நாடகம் என்னும் இலக்கியவகையில் ஒரு கள்வன் பரத்தையிடம் பொருளிழந்து, குதிரை திருட முயன்று அகப்பட்டு, கால் துணிக்கப்பட்டு, பின்னர் இறையருளால் அதனை மீளப் பெறுகின்றான். லாங்க்மார் நகரத்துக் கள்வரின் கதைகளுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் ஆகியவற்றை மேடையேற்றியபோது நகரத்து மக்களும் இவற்றின் சுவையை அறிந்தனர். எனினும் நொண்டியும் அகப்பட்டே தீரவேண்டும். தப்பிச் செல்லும் நொண்டிக்கு நாடகமில்லை.

முடிவு எழுதப்படாத கண்ணகிச் சடங்கு ஒன்று மட்டக்களப்பில் இருந்தது. அதுவே கொம்பு விளையாட்டு; கொம்புமுறி என்றும் வழங்கும். ஊர் இரு கட்சியாகப் பிரியும். ஒன்று வடசேரி, கோவலன் பக்கம். மற்றையது தென்சேரி, கண்ணகி பக்கம். வைரமேறிய வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்றோர் தோற்றோரைப் பழித்துப் பாடுவர். அப்பாட்டின் வசை அந்நாட்களில் மட்டும் பொறுக்கப்படும். தேங்காயோடு தேங்காயை மோதவிடும் போர்த்தேங்காயும் இதனோடு சேர்ந்து வரும். இளமையிற் கோவலனும் கண்ணகியும் பூக்கொய்தபோது அவர்தம் தொரட்டிக் கொம்புகள் சிக்கிக்கொள்ள, இருவரும் இழுத்து விளையாடினர் என்பது இதற்குக் கூறப்படும் கதைகளுள் ஒன்று. மதுரையை எரித்தவளின் சினம் தணியவே ஆடப்படுகின்றது என்பது மற்றொன்று. மழையின்மையும் நோயும் வந்தபோது ஊர் இதனை நாடியது. கொம்பு முறித்த சந்தி கொம்புச்சந்தி எனப் பெயர்பெற்றது. எழுவான்கரையிலுள்ள தேற்றாத்தீவிற் பிள்ளையார் கோயிலொன்று இப்பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகின்றது.

இவ்விளையாட்டில் நாம் வியப்பது யாதெனின், அம்மனின் பக்கம் தோற்கவும் கூடும் என்பதே. கண்ணகியின் சினத்தைத் தணிக்க நிகழும் சடங்கில் கண்ணகி பக்கம் வென்றே ஆகவேண்டும் என்று எவரும் விதி செய்யவில்லை. கொம்பு எங்கே முறியும் என்பது மரத்தின் வைரத்தையும் இழுப்போரின் தோளையும் பொறுத்தது. கதை யாவருக்கும் தெரிந்தது. இவ்வாண்டின் முடிவோ எவருக்கும் தெரியாதது. மேசை விளையாட்டின் உயிர்நாடியும் இவ்விணைவே. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பெயரால் நிகழும் அங்கெலிய என்பதும் இதுவேயாகும். அங்கும் இரு பக்கங்கள். உடுபில கோவலனாகிய பாலங்கவின் பக்கம், யடிபில பத்தினியின் பக்கம். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதனை ஆராய்ந்துள்ளார். இரு மொழி மக்களும் ஒரே நகரத்துக் கதையைக் கொண்டு ஒரே வகையில் ஊரை இரண்டாக்கி விளையாடினர் என்பது எண்ணத்தக்கது.

சேரி ஒருவர்க்கு எவ்வாறு வருகின்றது? தந்தையின் சேரியே மக்களின் சேரி. மட்டக்களப்பிலோ குடி என்பது தாய்வழியாக வருவது. கோயில் உரிமையும் விழா வரிசையும் குடியைப் பற்றியே நிற்பன. ஆகவே ஒவ்வொருவரும் இரண்டு கயிறுகளாற் கட்டப்பட்டவராகின்றனர். தாயின் குடி ஒரு பக்கம் இழுக்கும். தந்தையின் சேரி இன்னொரு பக்கம் இழுக்கும். கணவன் வடசேரியாயும் மனைவி தென்சேரியாயும் இருக்கலாம். அப்பொழுது அவர்தம் மக்கள் தாயின் குடியைச் சார்ந்தவராயினும் கொம்பு நாளில் அவளுக்கு எதிரே நின்று வடம் பிடிப்பர். ஒரே குடியைச் சேர்ந்த தாய்மாமனும் மருமகனும் வெவ்வேறு சேரியில் நின்று ஒருவரையொருவர் பழித்துப் பாடுவர். விழா முடிந்தபின் உறவு பழையபடி தொடரவேண்டும்.

கற்பனை நகரமைப்போர்க்கு நாம் கூறத்தக்க முதன்மையான செய்தி இதனுள் அடங்கியுள்ளது. வழக்கமாகப் பாத்திரமேற்போர் எவரோடும் உறவற்ற வழிப்போக்கராகவே நகருட் புகுகின்றனர். உறவற்றவனுக்கு நகரம் கடைவீதி மட்டுமே. ஊர்காண் காதையோடு அவன் கதை நின்றுவிடும். மாறாக, விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொருவர்க்கும் தாய்வழியே ஒரு குடியும் தந்தைவழியே ஒரு சேரியும் கொடுக்கப்படுமாயின், மேசையில் அமர்ந்த நால்வருள் இருவர் ஒரு குடியாகவும் வேறு இருவர் ஒரு சேரியாகவும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்படுவர். நகரில் எது நிகழினும் அது எவரையேனும் தொடும். ஒருவரைத் தொட்டது மற்றவரை எதிர்ப்பக்கம் இழுக்கும். சாகசத்தைத் தேடி அலையவேண்டிய தேவை அப்பொழுது இல்லை. அதுவே வீடு தேடி வரும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கட்சி பிரித்தல் பகையை வளர்க்காதோ? கொம்பு விளையாட்டு உண்மையான அடிதடியில் முடிந்ததும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. இதனினும் கடுமையான தடை ஒன்றுளது. கொக்கட்டிச்சோலை 1987இலும் 1991இலும் பொதுமக்கள் திரளாகக் கொல்லப்பட்ட இடம். இரவில் வாயிற்கதவு தட்டப்படுவது இங்குக் கதையாக இருந்ததில்லை. அத்தகைய நிலத்திற் கற்பனை இடுக்கண்களைக் கட்டி விளையாடுதல் தகுமோ?

இத்தடையை நாம் எளிதிற் புறந்தள்ளோம். ஆயினும் 1990களிற் படுவான்கரையில் வாழ்ந்து ஆராய்ந்த மார்கரெட் ட்ராவிக், போரும் பிள்ளைப்பருவமும் விளையாட்டும் பற்றி 2007இல் ஒரு முழுநூல் எழுதினார் என்பது கருதத்தக்கது. போரின் நடுவிலும் பிள்ளைகள் விளையாடினர். விளையாட்டைப் போரிலிருந்து பிரித்தெடுத்து அறிய ஓர் ஆய்வாளருக்கு ஒரு நூலே வேண்டியிருந்தது. போரில் ஒருவன் தன் பக்கத்தைத் தானே தெரிந்துகொள்ள இயலாது போகலாம்; அதிலிருந்து மீளவும் இயலாது போகலாம். கொம்பு விளையாட்டில் வடம் அவிழ்க்கப்படும் நாள் முன்னரே குறிக்கப்பட்டுள்ளது. அந்நாளில் அம்மனுக்குக் குளிர்த்தி. பழித்துப் பாடியவர்கள் ஒரே பொங்கலை உண்பர். பக்கஞ்சார்ந்து நிற்பதும் மீண்டும் கூடுவதும் பழக்கத்தால் வரும் திறங்கள். கொம்புமுறி இன்று முன்போற் பரவலாக நிகழ்வதில்லை. அதனோடு கூடவே கொம்புகளின் மரத்தேர்வு, வடம் பூட்டும் முறை, வசைப்பாட்டு ஆகியன மறைவது ஓர் இழப்பு. தோற்றபின் எதிர்ப்பக்கத்தாரோடு இருந்துண்ணும் பழக்கம் மறைவது அதனினும் பெரிய இழப்பெனத் தோன்றுகின்றது.

எனவே மேசை விளையாட்டிலும் முடிவுநாள் குறிக்கப்பட வேண்டும் என்போம். ஐந்து அமர்வென்றால் ஐந்தே. வசைக்கும் எல்லை வேண்டும். ஆடுவோரின் உண்மையான இழப்பைத் தொடும் செய்தியை எவரேனும் விலக்கக் கேட்பின், காரணம் கேளாது விலக்குதல் வேண்டும்.

இனி, கொக்கட்டிச்சோலையையே மாதிரியாகக் கொண்டு ஒரு நகரை எழுப்பிப் பார்ப்போம். பெருநகர் வேண்டுவதில்லை. தான்தோன்றீசர் கோயிலின் தேர்விழா நாட்களில் அவ்வூரே சிறுநகராகிவிடுகின்றது. வாவியின் இரு கரையிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். வயலூரின் வீதிகள் கடைவீதிகளாகின்றன. குடிகள் தத்தம் வரிசைகளைப் பெறக் காத்து நிற்கின்றன. கொக்கட்டி மரத்தை வெட்டியபோது குருதி பெருகிற்று என்பதும், பறங்கியர் தலைவன் நகைத்துக் கேட்டபோது கல் நந்தி எழுந்து புல்லுண்டது என்பதும் அக்கோயிலைப் பற்றி வழங்கும் ஐதிகங்கள். இரண்டாவது ஐதிகத்தின் அமைப்பை நோக்குக. உரிமையற்ற ஒருவன் வாயிலில் நின்று சான்று கேட்கின்றான். உள்ளிருப்போர் உடனே சான்று காட்டவேண்டும். காட்டாவிடிற் கோயில் அழியும். பாண்டியன் வாயிலில் கண்ணகி கேட்டதன் மறுதலை இது. அங்கு வெளியே நின்றவள் பக்கம் உண்மை. இங்கு உள்ளே நின்றவர் பக்கம் உண்மை. வாயிலும் சான்றும் இருந்தாற் போதும், பூதங்கள் வேண்டா.

நம் கற்பனை நகரும் ஒரு வாவியின் இரு கரையில் இருக்கட்டும். 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நீரைக் கடந்தே போக்குவரவு நிகழ்ந்தது. விளையாட்டின் நகரிற் பாலம் கட்டப்படவில்லை என வைத்துக்கொள்வோம். இருட்டியபின் துறையில் தோணி இல்லை. கீழ்க்கரையிற் சந்தையும் அதிகாரியின் மாளிகையும். மேற்கரையில் வயலும் கோயிலும். போடியார் ஒருவர், அவர் வயலைப் பார்க்கும் முல்லைக்காரன், கோயிற் பொறுப்பிலுள்ள வண்ணக்கர், அம்மன் கோயிற் கப்புகனார், துறையிலே தோணிக்காரர். இவ்வைவரும் போதும். ஆயிரம் பேருக்குக் குறிப்பெழுத வேண்டுவதில்லை; இவ்வைவருள் யார் யாருக்குக் கடன்பட்டவர், யார் எந்தக் குடி, எந்தச் சேரி என்பதை மட்டும் எழுதிக்கொள்க.

குளிர்த்திக்கு மூன்று நாள் முன்னர் அம்மன் சிலம்புகளுள் ஒன்று காணாமற் போகின்றது. கோயிலின் திறவுகோலைக் காக்கும் உரிமை பாத்திரமேற்றோருள் ஒருத்தியின் தாய்க்குடிக்கு உரியது. ஐயமோ எதிர்ச்சேரி இளைஞன் ஒருவன் மீது. அவன் பாத்திரமேற்ற இன்னொருவனுக்குத் தந்தையுடன் பிறந்தானின் மகன். கீழ்க்கரைத் தட்டான் ஒருவனிடம் அன்று காலை ஒரு சிலம்பு விலைக்கு வந்தது என்ற செய்தி தோணித்துறையிற் கிடைக்கின்றது. உண்மையில் அதனைக் கொண்டுசென்றவர் போடியார் வீட்டவர். நட்டமான போகத்தை மறைக்க அவர்க்குப் பொருள் வேண்டியிருந்தது. இச்செய்தியை நடத்துநர் மட்டும் அறிவார். களவு, தேவை, சான்றின்மை, உறவு ஆகிய நான்கும் பாத்திரமேற்றோர் வாய்திறக்கு முன்னரே அங்கு உள.

இவ்வமைப்பில் நடத்துநர் கதையை எழுதிவைத்தல் கூடாது. கட்டியகாரனைப் போல வரவை அறிவித்தலே அவர் தொழில். முல்லைக்காரன் வந்து நிற்கின்றான், அவன் கைகளில் சேறு இல்லை என்பார். அவ்வளவே. அவனிடம் வினவுவதோ அவனைப் பின்தொடர்வதோ போடியாரின் மனைவியிடம் பெண்வழி உறவு சொல்லிப் புகுவதோ ஆடுவோரின் உரிமை. பகடை மூன்று இடங்களில் மட்டும் உருள்க: ஒருவர் தயங்கும்போது, வாயிலில் உட்புக இசைவு கேட்கும்போது, வடம் இழுக்கும்போது. வடம் இழுக்கும் இடத்தில் இரு சேரியாரும் தத்தம் பகடையை ஒருங்கே உருட்டுதல் நன்று. தாய்மாமனும் மருமகனும் எதிரெதிரே அமர்ந்து உருட்டுவார்களாயின் மேசையே களரியாகிவிடும்.

ஐந்தாம் அமர்விற் குளிர்த்தி. சிலம்பு கோயிலுக்கு மீண்டிருக்கலாம், மீளாமலும் இருக்கலாம். மீளாவிடின் கப்புகனார் வாயிலில் நின்று, சான்றுரைப்பார் உளரோ என ஊரைக் கேட்பார். அப்பொழுது எழுந்து பேசுபவர், தம் தாயின் குடியைப் பற்றிப் பேசுவதா, தந்தையின் சேரியைப் பற்றிப் பேசுவதா என்பதைத் தாமே தெரிந்துகொள்ள வேண்டும். கீழ்க்கரையிலிருந்து தட்டான் வந்து சேரவேண்டுமெனில், இருட்டுமுன் தோணி துறையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும்.